எபிடியூரல் போட்ட பிறகு யூரின் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். குழந்தையைப் பற்றிய கேள்விகளை எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். யூரின் பற்றிய கேள்விகளை மட்டும் உடன் இருப்பவர்கள் வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால், உங்கள் உடம்பை நேரில் பார்த்தவர் அவர்தான். அவர் சொல்வதையே கேளுங்கள்.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எபிடியூரல் போட்டவர்கள் பிரசவமான முதல் நாளில் "வந்தால் போகலாம்" என்று காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

ஊசியை முதுகுலதானே போடுறாங்க? அதுக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்?

முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. அதில் நூல் போன்ற டியூபை வைத்து மருந்து செலுத்துவதுதான் எபிடியூரல். மருந்து பெரும்பாலும் புபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்ன். இவை நரம்பை மரத்துப்போகச் செய்பவை. கூடவே வலியைக் குறைக்கும் ஃபென்டனில் என்ற மருந்தையும் கொஞ்சம் கலப்பார்கள்.

குழந்தை கீழே இறங்கும்போது ஏற்படும் வலியை மேலே கொண்டுபோகிற நரம்புகள் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வருகின்றன. மருத்துவர்கள் அவற்றை எஸ்2, எஸ்3, எஸ்4 என்பார்கள். "சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது" என்ற செய்தி மேலே போவதும், "சுருங்கி வெளியேற்று" என்ற உத்தரவு கீழே வருவதும் இதே நரம்புகள் வழியாகத்தான். வலியை மட்டும் தடுத்து, யூரின் செய்தியை விட்டுவிடு என்று மருந்துக்குச் சொல்ல முடியாது. இதற்கிடையில் சிறுநீரகத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அது தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. ட்ரிப்ஸ் வேறு ஏறிக்கொண்டிருக்கும். பை நிரம்பும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

அப்போ எபிடியூரல் போட்ட எல்லாருக்கும் யூரின் நின்னுடுமா?

இல்லை. பெரும்பாலானவர்கள் பிரசவமான சில மணி நேரத்தில் தாங்களாகவே போய்விடுகிறார்கள். போடாதவர்களோடு ஒப்பிட்டால் யூரின் தேங்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

மருந்தின் அடர்த்தியும் முக்கியம். முன்பெல்லாம் அடர்த்தியான மருந்தைக் கொடுப்பார்கள். இடுப்புக்குக் கீழே மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். இப்போது பல இடங்களில் நீர்த்த மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த காமெட் என்ற ஆய்வின் முடிவு 2001-ல் வெளிவந்தது. குறைந்த அளவு மருந்து பெற்றவர்களுக்கு ஆயுதப் பிரசவத்தின், அதாவது ஃபோர்செப்ஸ் (இடுக்கி) அல்லது வாக்குவம் (உறிஞ்சும் கருவி) வைத்துக் குழந்தையை எடுப்பதன், தேவை குறைந்தது. பிரசவ வலியின்போதே தாங்களாக யூரின் போக முடிந்தவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

வலி இருக்கும்போதே டியூப் விட்டு யூரின் எடுக்குறாங்களே, அது எதுக்கு?

சிறுநீர்ப்பை, குழந்தையின் தலை இறங்கி வரும் பாதைக்கு முன்னாலேயே இருக்கிறது. அது நிரம்பி உப்பியிருந்தால் தலை இறங்கத் தடையாக இருக்கும். பையும் அழுந்தி அடிபடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்யச் சொல்கிறோம். முதலில் பெட்பேனில் முயற்சி செய்யச் சொல்வார்கள். வரவில்லை என்றால் கதீட்டர் என்கிற மெல்லிய டியூபை விட்டு, காலி செய்து, உடனே எடுத்துவிடுவார்கள். சில மருத்துவமனைகளில் கதீட்டரை உள்ளேயே வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருந்தால், முக்கத் தொடங்கும் முன் அதை எடுப்பார்கள் அல்லது உள்ளே இருக்கும் சிறு பலூனிலிருந்து தண்ணீரை எடுத்துவிடுவார்கள்.

டியூப் போடும்போது வலிக்குமா?

எபிடியூரல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் யாரோ தொடுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மரப்பு விலகிய பிறகு போட்டால் சில நொடிகள் எரிச்சலும் அழுத்தமும் தெரியும். மூச்சை மெல்ல வெளியே விட்டால் அந்த இடம் தளர்ந்து கொடுக்கும்.

மருந்தை நிறுத்தி எவ்வளவு நேரத்துல யூரின் உணர்வு திரும்பும்?

பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மரப்பு விலகத் தொடங்கும். கடைசி டோஸ் எப்போது, எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். முக்குவதற்குச் சற்று முன்னாலோ, ஆயுதப் பிரசவத்துக்காகவோ, தையலுக்காகவோ கூடுதல் மருந்து போட்டிருந்தால், அந்த நேரத்திலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பலர் குழந்தை பிறந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள்.

மார்ஃபின் கலந்திருந்தால் இன்னும் நேரம் பிடிக்கலாம். அது வலியை ஒரு நாள் வரைகூடக் குறைத்து வைக்கும். சிறுநீர்ப்பைத் தசையையும் அதேபோல் மந்தமாக்கி வைக்கும்.

கால் நல்லா ஆடுது, பாத்ரூம் வரைக்கும் நடந்துட்டேன். ஆனா யூரின் வர்ற மாதிரியே இல்ல. இது சரியா?

முதல் சில மணி நேரத்தில் இது நடக்கக்கூடியதுதான். மரப்பு எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் விலகுவதில்லை. முதல் கேள்வியில் சொன்ன அந்த அடிப்பகுதி நரம்புகள் பெரும்பாலும் கடைசியாகத்தான் விழிக்கின்றன. உணர்வு வந்த பிறகும் தசை முழு பலத்தோடு சுருங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். கட்டை விரலை ஆட்டிக் காட்டி "எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு சிஸ்டர்" என்று சிரித்தவரின் வயிற்றில் கை வைத்தால், தொப்புளுக்குக் கீழே கல்லு மாதிரி புடைத்து நிற்கும் சிறுநீர்ப்பை கையில் தட்டுப்படும். அவருக்கோ ஒன்றுமே தெரிந்திருக்காது. கால் திரும்பியதை வைத்து சிறுநீர்ப்பையும் திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

ஆறு மணி நேரம், ஆறு மணி நேரம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

குழந்தை பிறந்து 6 மணி நேரத்துக்குள், அல்லது கதீட்டரை எடுத்து 6 மணி நேரத்துக்குள், ஒருமுறையாவது தானாக யூரின் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அதை யூரின் தேக்கம் என்று எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலிலும் இதே 6 மணி நேரம்தான் இருக்கிறது.

ஏன் ஆறு என்றால், சாதாரணமாக ஒருவரின் பை 400 முதல் 600 மி.லி. வரை கொள்ளும். பிரசவமானவருக்கு ட்ரிப்ஸ் ஏறியிருக்கும், உடம்பில் சேர்ந்திருந்த நீரும் இறங்கும். ஆறு மணி நேரத்தில் பை அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆறு என்பது கடைசி வரம்பு. அதுவரை காத்திருக்கலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை. நான் என் வார்டில் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே ஒருமுறை பாத்ரூமுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுவேன். வந்தால் நல்லது. வராவிட்டாலும், மீண்டும் முயற்சி செய்ய நேரம் இருக்கும்.

எனக்கு யூரின் போகுதே, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போகுது. அப்புறம் ஏன் ஸ்கேன் பண்றாங்க?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். தேக்கத்தில் இரண்டு வகை. ஒன்று, சொட்டுக்கூட வராதது. அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இன்னொன்று, வரும், ஆனால் பை காலியாகாது. நிரம்பி வழிகிறது மட்டும் வெளியே வரும்; மீதி உள்ளேயே நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை ஓடிப்போய் 50 மி.லி., 60 மி.லி. போய்விட்டு வருகிறவர், தனக்கு யூரின் நன்றாகப் போகிறது என்றுதான் நினைப்பார். கேட்டால் "போச்சு" என்பார். சார்ட்டில் "போச்சு" என்று எழுதி முடித்துவிட்டால், உள்ளே 700 மி.லி. நிற்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அதனால்தான் அளக்கச் சொல்கிறோம். கழிப்பறையில் அளவுக் கோடு போட்ட பாத்திரம் வைத்துப் பிடித்து, நேரத்தையும் மி.லி.யையும் எழுதுவது பார்க்க அசிங்கமாகத் தோன்றலாம். ஆனால் உருப்படியான தகவல் அதிலிருந்துதான் கிடைக்கும். போய்விட்டு வந்தவுடன் அடிவயிற்றில் ஜெல் தடவிச் செய்யும் சிறு ஸ்கேன், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடும். வலி கிடையாது, ஓரிரு நிமிட வேலை.

எத்தனை மி.லி. போனா நல்லா போச்சுன்னு அர்த்தம்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். பொதுவாக ஒரு தடவைக்கு 200 மி.லி.க்கு மேல் போய், உள்ளே மிச்சம் 150 மி.லி.க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மிச்சம் 150-ஐத் தாண்டினால் முந்தைய பதிலில் சொன்ன இரண்டாவது வகை, அதாவது மறைமுகத் தேக்கம் என்று பார்ப்பார்கள். அதில் பெரும்பாலானவை சில நாளில் தானாகவே சரியாகிவிடும். 160 என்று வந்ததும் பதறாதீர்கள். அடுத்த தடவை போன பிறகு மீண்டும் பார்த்தால் பல சமயம் குறைந்திருக்கும். அளவு ஏறிக்கொண்டே போனால்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

உட்கார்ந்து பார்த்துட்டேன், வர மாட்டேங்குது. வர வைக்க என்ன செய்யலாம்?

முதலில் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குமே வராது. மயக்கமாக இருந்தால் நர்ஸ் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் தடவை தனியாக எழுந்து போகாதீர்கள். கால் மடங்கி விழுந்தவர்கள் உண்டு.

படுத்தபடி போவதைவிட உட்கார்ந்து போவது சுலபம். பாதம் இரண்டும் தரையில் பதிய, முழங்கையைத் தொடையில் ஊன்றி, கொஞ்சம் முன்னால் குனியுங்கள். இருக்கையில் படாமல் அந்தரத்தில் குந்தினால் இடுப்புத் தசை இறுகிவிடும், வராது. வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். குழாயைத் திறந்து விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பது பலருக்குப் பலன் தருகிறது. வெந்நீரில் குளிப்பதும் அப்படித்தான். குளிக்கும்போதே வந்துவிட்டால் வரட்டும். தையல் வலி இருந்தால் வலி மாத்திரையைப் போட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு போங்கள். வலிக்குப் பயந்து அந்த இடம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

வந்து முடிந்த பிறகு உடனே எழ வேண்டாம். எழுந்து நின்று, இடுப்பை அசைத்து, மீண்டும் உட்கார்ந்து ஒருமுறை முயற்சி செய்யுங்கள். மிச்சம் இருப்பதும் வந்துவிடும். ஆனால் மூச்சை அடக்கி முக்க வேண்டாம், வயிற்றைக் கையால் அழுத்தவும் வேண்டாம். இவ்வளவு செய்தும் வராவிட்டால் அடுத்தது கதீட்டர்தான். "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள்.

நிறைய தண்ணி குடிச்சா தானா வந்துடும்னு சொல்றாங்களே?

கதவு திறக்காத அறைக்குள் இன்னும் ஆட்களை அனுப்புகிற வேலை அது. பை சுருங்காததுதான் பிரச்சினை, யூரின் குறைவு இல்லை. யூரின் வந்து, மிச்சமும் குறைவு என்று தெரிகிற வரை தாகத்துக்குக் குடித்தால் போதும். அப்புறம் வழக்கம்போல் தாராளமாகக் குடிக்கலாம்; தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குத் தாகம் தானாகவே கூடும். இதற்கு நேரெதிராக, யூரின் போக வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. யூரின் அடர்த்தியாகி இன்னும் எரியும்.

தையல்ல எரியுதுன்னு அடக்கி வச்சுக்கிட்டேன். தப்பா?

எரிச்சலுக்குப் பயப்படுவது இயல்பு. ஆனால் அடக்க வேண்டாம். போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே போனால் யூரின் நீர்த்துவிடும், எரிச்சல் பாதியாகக் குறையும். முடிந்ததும் முன்னாலிருந்து பின்னால் ஒற்றித் துடையுங்கள்.

மறுபடி டியூப் போடணும்னு சொல்றாங்க. போட்டா அதுவே பழக்கமாயிடும்னு மாமியார் பயப்படுறாங்க.

பழக்கமாகாது. ஓரிரு நாள் டியூப் இருந்ததால் சிறுநீர்ப்பை வேலையை மறந்துவிடாது. களைத்துப்போன தசைக்குக் கிடைக்கும் ஓய்வு அது. உங்கள் மாமியார் பயப்பட வேண்டியது டியூப் போடாமல் விடுவதைப் பார்த்துத்தான்.

மிச்சம் கொஞ்சமாக இருந்தால் ஒருமுறை காலி செய்து எடுத்துவிடுவார்கள். நிறைய இருந்தால் 24 முதல் 48 மணி நேரம் வரை கதீட்டரை வைத்திருந்து, பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். டியூபோடு நடக்கலாம், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், குளிக்கலாம். டியூபோடு இணைத்திருக்கும், யூரின் சேரும் பை மட்டும் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். மேலே தூக்கினால் யூரின் திரும்பி உள்ளே போகும், கிருமியும் கூடவே போகும். மிகச் சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகும் தேவைப்படும். அவர்களுக்குத் தாங்களே மெல்லிய டியூப் விட்டுக் காலி செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். கேட்கும்போது பயமாக இருக்கும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

எபிடியூரல் மட்டும்தான் காரணமா? என் தங்கச்சிக்கு எபிடியூரல் போடவே இல்ல, அவளுக்கும் இப்படித்தான் ஆச்சு.

உங்கள் தங்கைக்கு நடந்தது ஆச்சரியம் இல்லை. பிரசவமே சிறுநீர்ப்பையைப் படுத்தி எடுக்கும் வேலைதான். மணிக்கணக்கில் தலை அழுத்தியதால் யூரின் பாதை வீங்கியிருக்கும், நரம்பு நசுங்கியிருக்கும், தையல் வலியால் தசை இறுகியிருக்கும்.

2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிரசவத்துக்குப் பின் யூரின் முழுமையாக நின்றுபோவதோடு நான்கு விஷயங்கள் சேர்ந்து வருவது தெரிந்தது. எபிடியூரல், ஃபோர்செப்ஸ் அல்லது வாக்குவம், கீழே வெட்டித் தைப்பது, முதல் பிரசவம். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எபிடியூரல் கேட்பவர்களில் பலருக்கு அது முதல் பிரசவம். வலி நீண்டுபோனவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். ஆயுதப் பிரசவமும் அவர்களுக்கே அதிகம் தேவைப்படும். எல்லாம் ஒருவருக்கே சேர்ந்து வரும்போது பழி எவ்வளவு எதற்கு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால், எபிடியூரலோடு ஆயுதப் பிரசவமும் ஆன முதல் பிரசவக்காரரைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

சிசேரியன்னா இது வேற மாதிரியா?

சிசேரியனில் கதீட்டரை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள் என்பதால், தெரியாமல் நிரம்பும் ஆபத்து குறைவு. சந்தேகம் வருவது அதை எடுத்த பிறகுதான். கடைசியாக எபிடியூரல் மருந்து போட்டு 12 மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டாம், எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு எடுக்கலாம் என்பது நைஸ் வழிகாட்டுதல் சொல்வது. வேறு முறையைப் பின்பற்றும் இடங்களும் உண்டு. எடுத்த நிமிடத்திலிருந்து அதே 6 மணி நேரக் கணக்குதான்.

கருப்பை இறுகலைன்னு சொல்லிட்டு யூரினை எடுத்தாங்க. ரத்தப்போக்குக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்?

நிரம்பிய சிறுநீர்ப்பை, கருப்பையை மேலேயும் ஒரு பக்கமாகவும் தள்ளிவிடும். பெரும்பாலும் வலது பக்கம். தள்ளப்பட்ட கருப்பையால் இறுகிச் சுருங்க முடியாது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கூடுதலாக இருந்தால் நாங்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று சிறுநீர்ப்பையைக் காலி செய்வது. உங்களுக்கும் அதற்காகத்தான் எடுத்திருப்பார்கள்.

ரெண்டாம் நாள், மூணாம் நாள் யூரின் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இது எபிடியூரல் சைடு எஃபெக்டா?

இல்லை. கர்ப்ப காலத்தில் உடம்பு சேர்த்து வைத்த தண்ணீரை இப்போது வெளியேற்றுகிறது. முதல் சில நாளில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் வரைகூடப் போகலாம், இரவில் வியர்த்தும் கொட்டலாம். ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது, போன பிறகு நிம்மதியாக இருக்கிறது என்றால் சரி. அடிக்கடி போயும் வயிறு கனமாகவே இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற பிரச்சினை பற்றி மேலே சொன்னதை இன்னொருமுறை படியுங்கள்.

இருமினா, சிரிச்சா யூரின் கசியுது. எபிடியூரல்தான் நரம்பைக் கெடுத்துடுச்சா?

இருமும்போது கசிவது பிரசவமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. அதற்குக் காரணம் கர்ப்பமும் பிரசவமும் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசையை இழுத்துத் தளர்த்தியதுதான். எபிடியூரலின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மாதக்கணக்கில் இருக்கும் கசிவுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் முதல் ஓரிரு நாளில் உணர்வே இல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அது வேறு விஷயம். நிரம்பி வழிகிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இருமல் கசிவுக்குப் பயிற்சிதான் மருந்து. காற்றை அடக்குவது போல ஆசனவாயையும் யூரின் பாதையையும் உள்ளே இழுத்துப் பிடித்து, பிறகு முழுமையாக விடுங்கள். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். கதீட்டர் உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டாம். யூரின் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். அது பையைக் காலியாக விடாது. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். "பிள்ளை பெத்தா இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் கழிச்சு எரிச்சலும் காய்ச்சலும் வந்துடுச்சு.

யூரின் தொற்றாக இருக்கலாம். கதீட்டர் போட்டவர்களுக்கும், யூரின் தேங்கியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். யூரின் சோதனை செய்து மருந்து எடுக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன, நீங்கள் பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிர் நடுக்கமோ, விலாவுக்குக் கீழே முதுகு வலியோ சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். பிரசவமானவருக்குக் காய்ச்சல் வர வேறு காரணங்களும் உண்டு, எதையும் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம்.

என் பொண்ணுக்கு டியூப் போட்டப்போ ஒரு லிட்டருக்கு மேல வந்துச்சு. நிரந்தரமா பாதிப்பு ஆகிடுமா?

பெரும்பாலும் ஆகாது. அளவுக்கு மீறி விரிந்த தசை பலம் இழந்திருக்கும். இழுபட்ட எலாஸ்டிக் மாதிரி உடனே சுருங்காது. அதனால் அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் கதீட்டர் வைப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள். எடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் அளந்து, மிச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாட்களில் சரியாகும், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

ஆனால் ஒரே ஒரு தடவை மிக அதிகமாக விரிந்ததே நீண்ட காலக் குறையாக நின்றுபோன பெண்களும் இருக்கிறார்கள். அரிது, ஆனால் உண்மை. அந்தக் குறை மருந்து நரம்பில் இருந்த நேரத்தால் வந்தது இல்லை. அந்த நேரத்தில் யாரும் பார்க்காததால் வந்தது. 6 மணி நேரம் என்று நாங்கள் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

இது சாதாரண மரப்பு, இது ஆபத்துன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்குறது?

சாதாரண மரப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். ஆபத்தானது குறையாது, அல்லது குறைந்து மீண்டும் கூடும். தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினாலோ சீழ் பிடித்தாலோ இப்படி ஆகும். மிக மிக அரிது. 2006-ல் பிரசவ எபிடியூரல்களைத் தொகுத்துப் பார்த்ததில் ரத்தக் கட்டு ஏறக்குறைய 1,68,000 பேரில் ஒருவருக்கும், ஆழமான தொற்று 1,45,000 பேரில் ஒருவருக்கும் வந்திருந்தது. அரிது என்றாலும் மணி நேரம் முக்கியம் என்பதால் அடையாளங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கால் பலம் குறைந்துகொண்டே போவது, உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்திருப்பது, மலம் வருவது தெரியாமல் போவது, ஊசி போட்ட இடத்தில் கடுமையான முதுகு வலி, கூடவே காய்ச்சல். இவற்றில் ஏதாவது ஒன்று யூரின் வராததோடு சேர்ந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். மயக்க மருந்து நிபுணரை உடனே கூப்பிடச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "எபிடியூரல் போட்டிருந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வெறும் பிரசவ முதுகுவலி என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

போன தடவை இவ்வளவு பட்டாச்சு. அடுத்த பிரசவத்துக்கு எபிடியூரலே வேண்டாம்னு சொல்லிடட்டுமா?

வலியைத் தாங்கிக்கொள்ள வேறு வழிகளும் பிடித்திருக்கின்றன என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் யூரின் பயத்துக்காக மட்டும் என்றால் அவசியமில்லை. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும், ஆயுதம் போடும் தேவையும் குறையும். போன தடவை சேர்ந்து வந்த காரணங்களில் பாதி இந்தத் தடவை இருக்காது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பிரசவத்துக்குச் சேரும் அன்றே, பிரசவம் பார்ப்பவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும், போன தடவை யூரின் நின்றது, இத்தனை மி.லி. எடுத்தார்கள், இத்தனை நாள் டியூப் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். நீர்த்த மருந்தைக் கொடுக்கலாம், கதீட்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கலாம், முதல் யூரினை அளந்து ஸ்கேனும் பார்க்கலாம் என்று அவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வார்கள். குழந்தை பிறந்த பரபரப்பில் உங்களுக்கு நேரம் நினைவிருக்காது. கூட இருப்பவரின் போனில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.